மட்டையாகிக் கிடப்பவனைத் தனியே விடாதீர்கள்

காரைக்குடி காலேஜ் ரோட்டைச் சுற்றி ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்த காலத்தில் பாதி கேஷுவாலிட்டியில் போனது, அதிலும் பாதி நைட் டியூட்டி. இப்போது எங்கள் வீட்டு மாடியில் கல்லூரிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓய்வு பெற்றாலும் அவர்களுக்கு நான் சிஸ்டர்தான்.

போதை மாத்திரை கெட்டது, தொடாதே என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, உறுதிமொழி எல்லாம் நடக்கும். அது நடக்கட்டும். நான் சொல்லப்போவது, ஒருவன் எடுத்துவிட்ட பிறகு, நடு ராத்திரியில், பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும்தான். அவனால் எதுவும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் அவனுக்கு டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாமே நீங்கள்தான்.

இந்த மாதிரிக் கேஸ்களில் ஆம்புலன்ஸ் தாமதமாக வந்ததைவிட, ஆம்புலன்ஸைத் தாமதமாகக் கூப்பிட்டதுதான் அதிகம். "மட்டையாயிட்டான், தூங்கட்டும், காலையில தெளிஞ்சிரும்" என்று ஒருவன் சொல்வான். "வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிருவாரு" என்பான் இன்னொருவன். மூன்றாமவன் எலுமிச்சம்பழம் தேடிக் கடைக்குப் போயிருப்பான். மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெட ஆரம்பித்துவிடும். காலை வரைக்கும் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சரி, தூங்குகிறானா, ஆபத்தில் இருக்கிறானா? இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம்.

முதலில் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். தோளைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். அசையவில்லையா? கையை முஷ்டியாக மடக்கி, அவன் நடு நெஞ்செலும்பில் விரல் முட்டிகளை வைத்து அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வலிக்கும், வலிக்கட்டும். சாதாரணமாகத் தூங்குபவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டாவது உங்கள் கையைத் தட்டிவிடுவான். அதற்கும் எழவில்லை என்றால் அது தூக்கமில்லை, அந்த இடத்திலேயே 108ஐக் கூப்பிடவேண்டியதுதான். முனகிக் கண்ணைத் திறந்து, உடனே மறுபடியும் அமிழ்ந்துபோகிறவனும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

அப்புறம் மூச்சு. சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது இயல்பு. 10க்குக் கீழே போனால் ஆபத்து. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நீங்கள் நிதானமாகப் பத்து வரை எண்ண முடிகிறதென்றால் ரொம்பவே ஆபத்து. மூச்சை எண்ணி முடித்துவிட்டு அப்புறம் போன் பண்ணலாம் என்று இருக்காதீர்கள். ஒருவர் எண்ணும்போதே இன்னொருவர் 108இல் பேசவேண்டும்.

குறட்டையை நம்பாதீர்கள். எப்போதும் சத்தமில்லாமல் தூங்குகிறவன் அன்றைக்கு மட்டும் கொரகொரவென்று, தொண்டையில் சளி கட்டியதுபோல இழுத்துக்கொண்டிருந்தால், நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயைப் பாதி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். "நல்லாத்தானே குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான் சிஸ்டர்" என்று சொல்லி அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதை ஆபத்து என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நிறத்தையும் பாருங்கள். உதடு நீலமாகும் என்று படித்திருப்பீர்கள். நம் தோல் நிறத்துக்கு, அதுவும் ட்யூப் லைட் வெளிச்சத்தில், மேலாகப் பார்த்தால் எளிதில் தெரியாது. கீழுதட்டைப் புரட்டி உள்பக்கத்தைப் பாருங்கள், ஈறைப் பாருங்கள், நகத்தடியைப் பாருங்கள். சிவப்புப் போய்ச் சாம்பல் நிறமோ நீலமோ ஓடியிருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. கண் இமையைத் திறந்தால் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அபின் வகை மருந்து: ஹெராயின், டிராமடால், டேபென்டடால், கோடீன் கலந்த இருமல் டானிக். கருமணி சாதாரணமாக இருப்பதால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தூக்க மாத்திரையில் அது சுருங்காமலேயே மூச்சு குறையும்.

இப்போது 108. கூப்பிடுவது எல்லோருக்கும் தெரியும், நம் ஊரில் வழி சொல்வதில்தான் சிக்கல். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு இங்கே இருக்கும், பின்கட்டு வாசல் அங்கே இருக்கும். பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவது பெரும்பாலும் பின்கட்டையும் மாடியையும்தான். முகப்புக் கதவு பூட்டியே கிடக்கும், சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். ஆம்புலன்ஸ்காரர் கதவிலக்கத்தைப் பார்த்து முகப்புக்கு வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். நீங்கள் பின்வாசலில் நின்று தவித்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் மூன்று கட்டு வீடு.

அதனால் எந்தத் தெருவில் வாசல் திறந்திருக்கிறதோ அந்தத் தெருவின் பெயரைச் சொல்லுங்கள். எந்த ஊரணிக்குப் பக்கம், எந்தக் கோயிலுக்கு எதிர்ச் சந்து என்று அடையாளம் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனைக்குப் போய்ச் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும். ரூம் எடுக்கும்போதே இதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தால், அந்தப் பதற்றத்தில் திக்காமல் வாசித்துவிடலாம். எங்கள் மாடிக்கு ஏறும் வழியில் நான் ஒட்டிவைத்திருக்கிறேன். பாம்புக்கடிக்கும் அதே விலாசம்தானே.

போனில் என்ன சொல்வது? "இருபது வயசுப் பையன், பேச்சு இல்லை, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, ஏதோ மாத்திரை போட்டிருக்கான்." இவ்வளவு போதும். மாத்திரை என்று சொல்லப் பயமாக இருந்தால், "எழுப்பினா எழுந்திரிக்கல, மூச்சு சரியில்ல" என்பதையாவது சொல்லிவிடுங்கள், வண்டி வந்துவிடும். வந்ததும் அந்தப் பணியாளரிடம் உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். அங்கே மறைத்தால் தப்பான திசையில் வைத்தியம் போகும்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு போவதை மட்டும் செய்யாதீர்கள். நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது இது. உட்கார்ந்தபடி தலை முன்னால் தொங்கினாலே மூச்சுவழி மடங்கிவிடும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் மூச்சு இல்லை என்பது தெரியவரும். அதேபோல, நேராக மதுரைக்கே கொண்டுபோய்விடலாம் என்று ஒரு கார்க்காரரை எழுப்பாதீர்கள். மதுரைக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் மூச்சுக்கு வழி பண்ண, பக்கத்திலுள்ள கேஷுவாலிட்டி போதும். அதற்குப் பிறகு சிவகங்கைக்கு அனுப்புவதா மதுரைக்கு அனுப்புவதா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மாடியிலிருந்து இறக்கவும் நீங்கள் முந்தவேண்டாம். பழைய வீட்டு மச்சுப்படி குறுகல், செங்குத்து. ஸ்ட்ரெச்சரோடு வருகிறவர்களுக்கு அது பழக்கம்.

வண்டி வரும் வரைக்கும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூச்சு இருக்கிறது, ஆள் மட்டும் எழவில்லை என்றால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடக்கிறவன் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். உங்கள் பக்கம் இருக்கும் அவன் கையைத் தலைக்குமேல் போகிற மாதிரி நீட்டிவையுங்கள். இன்னொரு கையை மடித்து, புறங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுங்கள். அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்தே உங்கள் பக்கம் இழுத்தால் ஆள் தானாகப் புரண்டுவிடுவான். எண்பது கிலோ ஆளையும் ஒரு பெண்பிள்ளை புரட்டலாம், பலம் வேண்டியதில்லை. முகவாயை லேசாக மேலே நிமிர்த்தி, வாய் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். வாயில் ஹான்ஸ், சூயிங்கம், வாந்தி ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். தெரியாததைத் தேடி உள்ளே விரலை விடவேண்டாம். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிற நேரமில்லை அது.

மூச்சே இல்லை, அல்லது கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல எப்போதாவது ஒரு தடவை மட்டும் வாயைப் பிளக்கிறான் என்றால், அதை மூச்சு என்று எண்ணாதீர்கள். மல்லாக்கத் தரையில் படுக்கவையுங்கள். கட்டிலில் வேண்டாம், மெத்தை அமுங்கிவிடும். நடு நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். 30 தடவை அழுத்தியதும் தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு ஊதவேண்டும். போதை மருந்தில் முதலில் நிற்பது மூச்சு என்பதால் ஊதுவதற்கு மதிப்பு அதிகம். முடியாது, அருவருப்பாக இருக்கிறது என்றால் அழுத்துவதையாவது நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்திலேயே கை ஓய்ந்துவிடும், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு 108 சொல்லச் சொல்லச் செய்யலாம்.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். எலுமிச்சம்பழச் சாறு, மோர், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், கட்டங்காப்பி, எதுவும் வேண்டாம். நினைவில்லாதவன் வாயில் ஊற்றுவது எல்லாமே புரையேறி நுரையீரலுக்குப் போகும். தொண்டையில் விரலைவிட்டு வாந்தி எடுக்கவைப்பதிலும் அதே ஆபத்து. கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதால் மருந்து இரத்தத்தைவிட்டு வெளியே வராது. வழுக்கி விழுந்து மண்டை உடைவதுதான் மிச்சம். இருபுறமும் தோளைத் தாங்கி முற்றத்தைச் சுற்றி நடக்கவைப்பதும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டை, பாட்டில், டானிக் குப்பி, என்ன கிடந்தாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலி அட்டையும் வேண்டும், எத்தனை போட்டான் என்பது அதில்தான் தெரியும். ஊசி கிடந்தால் வெறுங்கையால் பிடித்து மூடி மாட்ட முயலாதீர்கள், ஒரு காலி வாட்டர் பாட்டிலுக்குள் நழுவ விடுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தான், கூடவே சரக்கு அடித்தானா, இந்த இரண்டையும் டாக்டர் கட்டாயம் கேட்பார். ஏனென்றால் சாராயம், தூக்க மாத்திரை, டிராமடால் மாதிரி அபின் வகை வலி மாத்திரை மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, மூச்சைக் குறைக்கின்றன. தனித்தனியாகத் தாங்கியவன் சேர்த்து எடுத்தால் தாங்கமாட்டான். "நேத்தும் இதே ரெண்டு மாத்திரைதான் போட்டான், ஒண்ணும் ஆகல" என்பார்கள். நேற்றுக் கூடவே குவார்ட்டர் இல்லை.

அபின் வகைக்கு மாற்று மருந்து உண்டு, நாலாக்சோன் என்று பெயர். அமெரிக்காவில் 2023இலிருந்து அதை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் சீட்டில்லாமலே கடையில் வாங்கலாம், அங்கே கல்லூரி விடுதிகளில்கூட வைத்திருக்கிறார்கள். இங்கே நமக்கு அது ஆஸ்பத்திரியில் போடும் ஊசி. போட்ட கொஞ்ச நேரத்தில் செத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, "நான் ரூமுக்குப் போறேன்" என்று சண்டை போடுவான். கூட வந்த நண்பர்களும் "சரியாயிட்டான், கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். கூட்டிப்போகாதீர்கள். அந்த ஊசியின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் மாத்திரை அதற்கு மேலும் வேலை செய்யும். வழியிலேயே, அல்லது ரூமில் படுத்த பிறகு, மறுபடியும் மூச்சு குறையும். டாக்டர் போகச் சொல்லும் வரை பெட்டிலேயே இருக்கட்டும்.

மூச்சு நன்றாக இருந்தும் ஆபத்தான கேஸ்கள் சில உண்டு. காய்ச்சல் மாத்திரை அதில் முதலாவது. பாராசிட்டமால் எல்லோர் பையிலும் இருப்பது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் உச்சம், 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. அரியர் விழுந்த கோபத்திலோ, வீட்டில் திட்டியதற்கோ ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, அடுத்த நாள் ஒன்றுமே ஆகவில்லை என்று வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாள் குமட்டல், கொஞ்சம் வாந்தி, சில பேருக்கு அதுவும் இருக்காது. கல்லீரல் கெடுவது இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். இதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல மருந்து இருக்கிறது, முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே தோழி உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள் என்றால், ஆள் தெளிவாக நடமாடினாலும் உடனே கூட்டிக்கொண்டு போகவேண்டும். "செத்துப்போகணும்னு நினைச்சியா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அழுதால் அழட்டும், தனியாக மட்டும் விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104இலும் பேசலாம்.

இன்னொன்று கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்ததால்தான். குடித்த அன்றைக்குச் சாதாரண போதையாக இருந்து, அடுத்த நாள் கண் மங்குகிறது, எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது ஹேங்ஓவர் இல்லை. கண்ணும் போகும், உயிரும் போகும். ஒன்றாகக் குடித்தவர்கள் அத்தனை பேரும், ஒன்றும் தெரியாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மெத் (மெத்தாம்பெட்டமின்) மாதிரிக் கிளப்பிவிடும் போதை மருந்து என்றால் நிலைமை தலைகீழ்: உடம்பு கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், வலிப்பு வரும். ஃபேனைப் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, 108ஐக் கூப்பிடுங்கள். கட்டிப்போடாதீர்கள்.

போலீஸ் வருமா? இதற்குப் பயந்துதான் எல்லாத் தாமதமும். ஆஸ்பத்திரியில் எம்எல்சி, அதாவது போலீஸுக்குத் தெரிவிக்கவேண்டிய கேஸ், என்று பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், வந்து விசாரிக்கலாம். வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வைத்தியம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். வீட்டுக்காரர், வார்டன், அப்பா அம்மா எல்லோரும் திட்டுவார்கள்தான். பையன் உயிரோடு இருந்தால்தான் அவனைத் திட்ட முடியும் என்று என்னிடம் ஓர் அப்பா அழுதுகொண்டே சொன்னார். விவசாயி, தேவகோட்டைப் பக்கம்.

கடைசியாக, எடுக்கிறவர்களுக்கே ஒரு வார்த்தை. பொங்கல் லீவு, செமஸ்டர் லீவு என்று ஊருக்குப் போய் சில வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பும் சமயம்தான் ரொம்ப ஆபத்து. உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், கை மறந்திருக்காது. முன்பு எடுத்த அதே அளவே இப்போது மூச்சை நிறுத்தப் போதும். தனியாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எடுப்பவனைக் காப்பாற்ற யாராலும் முடியாது, பழைய தேக்குக் கதவை உடைப்பது அவ்வளவு லேசில்லை.

விட நினைத்தால் 14446 போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகிறவருக்குச் சிறு அளவு வழக்குகளில் விலக்கு தருகிறது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. சீட்டுப் போடும் ஜன்னலில் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை. "தூக்கம் வரல, மனநல டாக்டரைப் பார்க்கணும்" என்றால் எழுதிக்கொடுத்துவிடுவார்கள். மற்றதை உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.